திருப்பதி, சித்தூர்: மன்றத்துக்கு வெளியே முடிவாகும் ஊர்க்காரியம்

புது தில்லி: 2025 ஜூலை 17 அன்று தில்லி விஞ்ஞான் பவனில் தூய்மை நகரங்களுக்கான மத்திய அரசின் விருதுகளைக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு வழங்கினார். தொடர்ந்து முன்னிலை வகிக்கும் நகரங்களுக்கென அப்போது அறிமுகமான "சூப்பர் ஸ்வச் லீக்" பட்டியலில், 50 ஆயிரம் முதல் 3 லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களின் பிரிவில் திருப்பதி இடம்பெற்றது. அதே பிரிவில் அதனுடன் இருந்தது புது தில்லி மாநகராட்சிக் கவுன்சில்.

விருது பெற்ற இவ்விரு நகரங்களுக்கும் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. புது தில்லி கவுன்சிலுக்கு மக்கள் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது சட்டப்படியே நியமன அமைப்பு. திருப்பதிக்கு வாக்குரிமை உண்டு. ஆயினும் 2007 மார்ச் 2 அன்று மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட அந்நகரம், தனது முதல் மாமன்றத்தைத் தேர்ந்தெடுக்க 2021 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் கழிந்த 14 ஆண்டுகளிலும் நகரின் கையெழுத்து அதிகாரிகளுடையதாகவே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான், ஆந்திரத்தின் தென்கோடி நகரங்களில் திரும்பத் திரும்ப எழும் ஒரு கேள்வியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஏரி காக்கும் குழுக்கள், கோயில் நிர்வாகம், அரசு அமைக்கும் "மக்கள் பங்கேற்பு" அமைப்புகள் எனப் பலவகை முயற்சிகள் ஊருக்குள் நடக்கின்றன. இவற்றில் நகர்மன்றம் சேருவதா, வேண்டாமா, சேர்ந்தால் எந்த நிபந்தனையில் என்பதைத் தீர்மானிப்பது யார்? சட்டப் புத்தகத்தின் விடை, மன்றம் என்பதே. திருப்பதியிலும் சித்தூரிலும் கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்ததோ வேறு.

மூன்று லட்சம் என்னும் எல்லை

நகராட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி அளிக்க ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த மசோதா 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. பின்னர் ஆந்திரத்தைச் சேர்ந்த பி.வி. நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது, 1992 டிசம்பரில் 74ஆவது திருத்தமாக அது நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகள் நகராட்சிகளுக்கு உரியனவாக எழுதப்பட்டன. மக்களை மன்றத்தோடு இணைக்கும் பாலமாக "வார்டு குழுக்கள்" என்ற ஏற்பாட்டையும் 243-எஸ் பிரிவு செய்தது.

அந்தப் பிரிவில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. மூன்று லட்சம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சிகளுக்கே வார்டு குழு கட்டாயம். மக்கள்தொகை என்பது, எண்ணிக்கை வெளியாகியுள்ள கடைசிக் கணக்கெடுப்பின்படி. 2011 கணக்கெடுப்பில் திருப்பதி மாநகராட்சியின் மக்கள்தொகை 2,87,035. கோட்டைத் தொட 13 ஆயிரம் பேர் குறைவு. சித்தூர் நகரின் எண்ணிக்கை சுமார் ஒன்றரை லட்சம். ஒட்டியுள்ள ஊர்களைச் சேர்த்தாலும் இரண்டு லட்சத்தை எட்டவில்லை.

நாள்தோறும் அறுபதாயிரம் பேருக்கு மேல் வேங்கடவனைத் தரிசிக்க வந்து போகும் ஊர் திருப்பதி. அவர்கள் குடிக்கும் நீரும் போடும் குப்பையும் நகரின் கணக்கில் ஏறுகின்றன, அவர்கள் ஏறுவதில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், பத்தாண்டுக்கும் மேலாக அந்தப் பழைய எண்ணே சட்டத்தின் அளவுகோலாக நீடித்தது.

அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் மாநிலச் சட்டம் வழி செய்யலாம். 2005 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், நிதி வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் இயற்ற வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. திருப்பதியும் பின்னர் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒன்றுபட்ட ஆந்திரம் 2008இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கு வகைசெய்து நகராட்சிச் சட்டங்களைத் திருத்தியது. பகுதி சபையும் வார்டு குழுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரைச் சுற்றியே அமைய வேண்டியவை. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாத திருப்பதியில் அவை எதைச் சுற்றி அமையும்? தில்லியின் நிபந்தனையை மாநிலம் தாளில் நிறைவேற்றியது; நிதி வந்தது; மன்றம் வரவில்லை.

ஜன்மபூமி முதல் தன்னார்வலர் வரை

அன்றைய சித்தூர் மாவட்டத்தின் நாராவாரிப்பள்ளியைச் சேர்ந்த சந்திரபாபு நாயுடு, முதல்வராக இருந்தபோது 1997 ஜனவரியில் "ஜன்மபூமி" திட்டத்தைத் தொடங்கினார். மக்கள் தம் ஊருக்கு வேண்டிய பணியைத் தாமே கேட்டு, செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ தர, மீதியை அரசு தரும் என்பது அதன் சாரம். பள்ளிக் கட்டடங்களும் சாலைகளும் கால்வாய்களும் இதில் எழுந்தன. அதிகாரிகள் ஊருக்கு நேரில் வந்து குறை கேட்டது அந்நாளில் புதுமை என்பதை எதிர்ப்பாளர்களும் மறுக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. கிராமக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது அரசு அனுப்பிய அதிகாரி. பணம் வந்த வழியும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளைச் சுற்றிப் போனது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1996இல், கேரளத்தின் இடது முன்னணி அரசு "மக்கள் திட்டம்" என்ற பெயரில் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சி அமைப்புகளின் கையில் கொடுத்தது. அங்கும் மக்கள் கூடினர், கேட்டனர், உழைத்தனர். ஆனால் இறுதித் தீர்மானம் ஊராட்சியினுடையதாகவும் நகராட்சியினுடையதாகவும் இருந்தது. ஒரே காலத்தில், தென் மாநிலங்கள் இரண்டில், "மக்கள் பங்கேற்பு" என்ற ஒரே சொல் இருவேறு அதிகாரப் பாதைகளைக் குறித்தது. இந்த வேறுபாடு ஹைதராபாதில் அன்று போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்றே கூற வேண்டும்.

மாநிலப் பிரிவினைக்குப் பின் 2014இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த நாயுடு, அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று "ஜன்மபூமி - நம் ஊர்" என்று திட்டத்தைப் புதுப்பித்தார். கிராமத்துக்கும் வார்டுக்கும் குழுக்கள் நியமிக்கப்பட்டன. ஓய்வூதியப் பயனாளியைத் தேர்வு செய்வதில் அந்தக் குழுக்களின் சொல் எடுபட்டது. அவை ஆளுங்கட்சியின் கிளைகளாக இயங்குவதாக ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் குற்றம்சாட்டியது. 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி முதல்வரானதும் அந்தக் குழுக்கள் மறைந்தன. அவற்றின் இடத்தில் 2019 ஆகஸ்ட் 15 முதல் தன்னார்வலர்களும், அக்டோபர் 2 முதல் கிராம, வார்டு செயலகங்களும் வந்தன. சுமார் 50 வீடுகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் ரூ. 5,000 மதிப்பூதியம், மாநிலம் முழுவதும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர். முதியோர் ஓய்வூதியம் வாசலுக்கே வந்தது. எவரும் இதைச் சிறிய வசதி என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இம்முறை குற்றச்சாட்டு இடம் மாறியது. தன்னார்வலர்கள் ஆளுங்கட்சியின் கைகள் என்று தெலுங்கு தேசம் புகார் கூறியது. விவகாரம் தில்லி நிர்வாசன் சதனுக்கு வந்து, 2024 மக்களவை, பேரவைத் தேர்தல் நேரத்தில் ஓய்வூதியம் வழங்கும் பணியிலிருந்து தன்னார்வலர்களை விலக்கி வைக்கும்படி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. ஆட்சி மாறியபின் 2024 ஜூலை 1 அன்று ஓய்வூதியத்தைச் செயலக ஊழியர்களே வீடு வீடாகக் கொண்டு சென்றனர்.

மூன்று ஏற்பாடுகள், இரண்டு கட்சிகள். ஒவ்வொரு முறையும் எதிர்க்கட்சி சொன்ன குறை ஒன்றே. எந்த முறையும், "இந்தக் குழு எங்கள் வார்டில் இயங்கலாமா?" என்று திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு நகர்மன்றத்தின் ஒப்புதலை அரசு எதிர்பார்த்து நிற்கவில்லை.

குப்பை வரி சொன்ன செய்தி

மன்றங்களிடம் கேட்கப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2021 அக்டோபர் 2 அன்று தொடங்கிய "தூய்மை ஆந்திரம்" திட்டத்தில், வீட்டுக்கு வீடு குப்பை சேகரிக்கப் பயனாளர் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. குடியிருப்புகளுக்கு மாதம் ரூ. 30 முதல் ரூ. 120 வரை. இதற்கு நகர்மன்றங்களின் தீர்மானம் தேவைப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் திருப்பதியில் முடிவு வெளியான 49 வார்டுகளில் 48ஐயும், சித்தூரில் 50 வார்டுகளில் 46ஐயும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கைப்பற்றியிருந்தது. சித்தூரின் பெரும்பாலான வார்டுகளில் போட்டியே இல்லை.

வாக்குச் சீட்டுக்கே வேலையில்லாத வார்டில் வென்ற உறுப்பினர், தன் கட்சி அரசு அனுப்பிய கட்டணத் தீர்மானத்தை எதிர்ப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். கட்டணம் வந்தது, "குப்பை வரி" என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்தது, 2024 தேர்தலில் மேடைப் பொருளாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று முதல்வர் நாயுடு அதை ரத்து செய்வதாக அறிவித்தார். விதித்ததும் மேலிருந்து, நீக்கியதும் மேலிருந்து. குப்பை மட்டும் வார்டிலேயே இருந்தது.

உள்ளாட்சியின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதி மாநிலத் தலைநகரின் ஓர் அறிவிப்பில் வருவதும் போவதுமாக இருக்குமானால், குடியிருப்போர் சங்கத்தோடு மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொள்ள எந்த ஆணையர் துணிவார் என்ற கேள்வி நியாயமானதே. 18 மாநிலங்களில் 74ஆவது திருத்தம் செயல்பட்ட விதத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் தொகுப்பறிக்கை 2024இல் வெளியானது. சராசரியாக 17 பணிகள் சட்டத்தில் நகராட்சிகளுக்கு மாற்றப்பட்டிருந்தும், முழுத் தன்னுரிமையோடு மாற்றப்பட்டவை நான்கே என்றது அது.

மலையும் அடிவாரமும்

திருப்பதியின் நிலை மற்ற நகரங்களுக்கு இல்லாத ஒன்று. மலை மேலுள்ள திருமலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றமே கிடையாது. அங்கு உள்ளாட்சிப் பணிகள் தேவஸ்தான நிர்வாக அதிகாரியிடம் உள்ளன. அடிவாரத்தில் 1886 முதல் நகராட்சி இருக்கிறது. ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தன்னாட்சித் தீர்மானத்துக்கு நான்காண்டு பின்னர், சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்த நகராட்சி அது. அப்போது கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. தேவஸ்தான நிர்வாகம் 1933இல்தான் அவர்களிடமிருந்து கைமாறியது. ஆக, நகராட்சிக்கு வயது அதிகம். பணம் தேவஸ்தானத்திடம்.

2023-24ஆம் ஆண்டுக்கான தேவஸ்தான வரவு செலவுத் திட்டம் ரூ. 4,400 கோடியைத் தாண்டியது. நகரின் நடுவே செல்லும் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் சுமார் ரூ. 650 கோடியில் கட்டப்பட்டு, 2023 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்டது. அதில் மூன்றில் இரு பங்கு தேவஸ்தானத்துடையது. எஞ்சியது "ஸ்மார்ட் சிட்டி" நிறுவனத்துடையது.

அடுத்த மாதமே, ஆண்டு நிதியில் ஒரு விழுக்காட்டைத் திருப்பதி நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தேவஸ்தான அறங்காவலர் குழு தீர்மானித்தது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ரூ. 44 கோடி. அப்போது அறங்காவலர் குழுத் தலைவர் திருப்பதி சட்டப்பேரவை உறுப்பினர் பூமன கருணாகர ரெட்டி. மாநகராட்சியின் துணை மேயர்களுள் ஒருவர் அவரது மகன் அபிநய் ரெட்டி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வீட்டில் என்ற விமர்சனம் எழுந்ததில் வியப்பில்லை. ஒரு விழுக்காட்டுத் தீர்மானத்தை மாநில அரசே ஏற்கவில்லை. நகரின் துப்புரவுப் பணிக்குத் தேவஸ்தான நிதியைத் தருவதை எதிர்த்துப் பொதுநல வழக்கு தொடரப்பட்டு, அதே டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம் நிதியை விடுவிக்க இடைக்காலத் தடை விதித்தது.

பக்தரின் காணிக்கை சாக்கடை அள்ளவா என்று கேட்பவர்களின் வாதம் எளிதில் தள்ளத் தக்கதல்ல. அந்தச் சாக்கடையில் பாதி பக்தர் வருகையால் உண்டானது என்பாரின் வாதமும் அப்படியே. இரண்டையும் எடைபோட்டு, எந்தப் பணிக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டு, யார் கணக்குக் காட்டுவது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய இடம் மாமன்றம். ஆனால் திருப்பதியில் அந்த விவாதம் அறங்காவலர் கூட்டத்திலும் செயலகக் குறிப்பிலும் நீதிமன்றத்திலுமாக நடந்து முடிந்தது.

"ஸ்மார்ட் சிட்டி" கதையும் இதுவே. 2016 செப்டம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் வெங்கய்ய நாயுடு வெளியிட்ட 27 நகரங்களின் பட்டியலில் திருப்பதி இருந்தது. மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர் ஆகியவையும் இருந்தன. மத்திய அரசின் பங்கு நகருக்கு ரூ. 500 கோடி, மாநிலமும் நகராட்சியும் சேர்ந்து அதே அளவு. செயல்படுத்துவது கம்பெனிச் சட்டப்படி அமைந்த தனி நிறுவனம். மக்களிடம் கருத்துக் கேட்டதாக ஒவ்வொரு நகரின் விண்ணப்பமும் கூறியது. அப்போது திருப்பதியில் மாமன்றம் இல்லை. தமிழகத்தைப் பார்த்துப் பெருமைப்படவும் இடமில்லை; அடுத்த மாதமே தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை நான்கு தமிழக நகரங்களும் தனி அலுவலர் கையில் இருந்தன. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று 243-யு பிரிவு சொல்வதையும், அதை 2006இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதையும் இரு மாநில அரசுகளும் அறியாதவை அல்ல.

சித்தூரின் கனத்த நினைவு

மாவட்டத் தலைநகரான சித்தூர் 1917 முதல் நகராட்சி. 2012இல் மாநகராட்சி ஆனது. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திரத்தோடு சென்றது; 1960இல் படாஸ்கர் பரிந்துரைப்படி திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. காட்பாடியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையும் அந்த நகரில் தமிழ் இன்றும் கடைத்தெரு மொழி.

திருப்பதியைப் போல் அன்றி, சித்தூருக்கு 2014இலேயே மாமன்றம் கிடைத்தது. மேயராகத் தெலுங்கு தேசத்தின் கட்டாரி அனுராதா பொறுப்பேற்றார். 2015 நவம்பர் 17 அன்று மாநகராட்சி அலுவலகத்தில், தன் அறையிலேயே அவர் கொல்லப்பட்டார்; உடன் தாக்கப்பட்ட கணவர் மோகனும் உயிரிழந்தார். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, 2025 அக்டோபரில், சித்தூர் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் மனுவோடு வருவோர் ஏறும் படிக்கட்டில் கொலையாளிகளும் ஏறிய ஊரில், "பொதுமக்கள் மன்றத்துக்கு வாருங்கள்" என்ற அழைப்பு எப்படி ஒலித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய ஊரில் மன்றத்தின் கதவைத் திறந்து வைப்பது ஏட்டளவுச் சீர்திருத்தம் அல்ல. சித்தூரின் குடிநீர்ப் பஞ்சத்துக்குக் கண்டலேறுவிலிருந்து நீர் கொண்டுவர முன்னாள் முதல்வர் கிரண்குமார் ரெட்டி திட்டமிட்டது ரூ. 7,390 கோடியில்; அது கைவிடப்பட்டது. கட்டமஞ்சி போன்ற ஏரிகளைக் காப்பதற்கு அத்தனை கோடிகள் தேவையில்லை. வரத்துக் கால்வாயில் ஆக்கிரமிப்பை அகற்ற நகராட்சியின் அதிகாரமும், மீண்டும் ஆக்கிரமிப்பு வராமல் காக்க அக்கம்பக்கத்தாரின் கண்ணும் போதும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது. குடிமராமத்து என்று நம் பகுதி முழுவதும் வழங்கிய ஏற்பாடு இதுதான்; அதை 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமாக்கி வெள்ளையர் அரசு கெடுத்தது தனிக் கதை.

தமிழகம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1997-98இல் தொடங்கி, 2021க்குப் பின் மீண்டும் வந்த "நமக்கு நாமே" திட்டத்தில் பணியின் செலவில் மூன்றில் ஒரு பங்கையேனும் மக்கள் தர வேண்டும். பணி உள்ளாட்சியின் வழியாகவே நடக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியபோது தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். பணம் தர முடிந்த தெருவுக்கே பணி கிடைக்கும் என்ற ஆபத்து "நமக்கு நாமே"யில் உண்டு. பகுதி சபை பல இடங்களில் மனு வாங்கும் கூட்டமாகச் சுருங்குவதும் உண்டு. ஆயினும் தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இல் செய்ததைப் போல, விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் என்று சட்டத்திலேயே இடம் எழுதி வைத்தால், ஆட்சி மாறும்போது ஆள் மாற்றும் வேலை கடினமாகும்.

ஆள் மாறும் வேகத்தைத் திருப்பதி 2025 பிப்ரவரியில் கண்டது. அபிநய் ரெட்டி விலகியதால் காலியான துணை மேயர் பதவிக்குத் தேர்தல். பிப்ரவரி 3 அன்று உறுப்பினர்கள் வந்த பேருந்து வழிமறிக்கப்பட்டு, அமளியில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் பலத்த காவலில் வாக்கெடுப்பு நடந்தது. தெலுங்கு தேசத்தின் முனிகிருஷ்ணா 26 வாக்குகள் பெற்றார், ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளருக்கு 21. நான்காண்டுக்கு முன் வெளியான 49 முடிவுகளில் தெலுங்கு தேசத்துக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு வார்டு. எந்த வார்டிலும் மக்கள் மறுபடி வாக்களிக்கவில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1. அந்த எண்கள் வெளியாகி, திருப்பதி மூன்று லட்சத்தைக் கடந்ததாகத் தெரியவந்தால், வார்டு குழு அமைப்பது அந்நகரத்துக்கு அரசியல் சட்டக் கட்டாயமாகும். சித்தூர் அப்போதும் கோட்டுக்கு இப்பால் இருக்கக்கூடும். அங்கு மாநிலச் சட்டமே துணை.